தோய வாறீரே, பிள்ளை?

செய்தி வந்தபோது நான் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் வெங்காய மூட்டையை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அழைத்தவன் புவனம் அக்காவின் மகன் கஜன். இந்த ஊரிலேயே பிறந்தவன். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவான். அன்றும் ஆங்கிலத்தில்தான் சொன்னான், அம்மா போய்விட்டார் என்று. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க, வைவெராவுக்கா? இந்தக் குளிர்லயா? யாரு கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, தேறி வருகிறார் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம் அது. அவன் அதே வாக்கியத்தை மறுபடி மெதுவாகச் சொன்னான். அப்போதுதான் அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. வெங்காய மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் விரி சலவைக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். சிலருக்கு அவர் ஒடாஹுஹுவில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கோபத்தையும் நண்டுக் கறியையும் நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவர் அடிக்கடி காணாமல் போய் வந்த வைவெரா என்ற அந்தச் சின்ன ஊரைப் பற்றி உங்களில் அநேகருக்குத் தெரியாது. கேட்டால், "சும்மா ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்தனான்" என்பார். அவரோடு சுற்றியவள் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் பெரிய கூடம் ஒன்று, நகரத்தின் தெற்கே விரி என்ற பகுதியில் இருந்தது. கணவரின் வேலை விசாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு இந்நாட்டில் கிடைத்த முதல் வேலை அங்கேதான். ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், மறுமுனையைப் புவனம் அக்கா பிடிப்பார். இருவரும் இழுத்துச் சுருக்கம் எடுத்து அதைச் சூடான உருளைகளுக்குள் விடுவோம். எங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு வெள்ளைத் துணியும் நீராவியும் இருந்ததால், பல நாள் அவர் முகத்தைவிடக் குரலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரமே அந்தக் குரல் சொன்னது: "விரியிலை விரிப்பு விரிக்கிறம். தமிழ் தெரிஞ்ச ஆரோதான் இந்த இடத்துக்குப் பேர் வைச்சிருக்கினம்." நான் சிரித்ததில் விரிப்பு கோணலாகப் போய் உருளையில் சிக்கிக்கொண்டது. வைததும் அவர்தான்.

அவர் திருகோணமலைக்காரர். என்னை "நீர்" என்பார். "நீர் சாப்பிட்டீரே?", "நீர் இஞ்சாலை வாரும்." எங்கள் பக்கத்தில் "நீர்" என்றால் ஒன்று நாடகத்து ராஜா பேசுகிறார் என்று பொருள், அல்லது சண்டை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நான் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டே விட்டேன்.

"என்னக்கா, ஒண்ணு 'நீ'ன்னு சொல்லுங்க, இல்ல 'நீங்க'ன்னு சொல்லுங்க. அதென்ன நடுவுல?"

"'நீ' எண்டால் மரியாதையில்லை. 'நீங்கள்' எண்டால் தூரத்திலை நிக்கிறீர். 'நீர்' எண்டால்தான் பக்கத்திலை" என்றார். பிறகு துணிக்கு மேலே தலையை எட்டிப் பார்த்து, "தண்ணிக்கும் அதுதானே பேர், பிள்ளை? ஊத்தினால் கோவிக்குமே?" என்றார். அதன் பிறகு நான் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை அப்படிக் கூப்பிட்டவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

பழகிக் கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "ஞாயிறு காலமை தோய வாறீரே, பிள்ளை?" எங்கள் வீட்டில் துணி துவைப்பதைத் தோய்ப்பது என்றுதான் சொல்வோம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரித் துணியோடு மாரடிக்கிறோம், ஞாயிறு அன்றும் தோய்க்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் அவர் வீட்டில் நல்ல மெஷின் இருக்கிறது போல, பாவம், உதவியாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுத் திரைச்சீலைகளையும் கணவரின் சட்டைகளையும் இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு போய் அவர் காரில் ஏறினேன். கார் அவர் வீடு இருந்த ஒடாஹுஹுவைத் தாண்டியது, துறைமுகப் பாலத்தைத் தாண்டியது, வடக்கே போய்க்கொண்டே இருந்தது. "எவ்வளவு தூரம்க்கா போய்த் தோய்க்கணும்?" என்றேன். அவர் பின் இருக்கையில் இருந்த பைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். திருகோணமலையில் தோய்வது என்றால் தலையோடு முழுகிக் குளிப்பது. என் திரைச்சீலைகள் வைவெராவைப் பார்த்துவிட்டு அழுக்காகவே வீடு திரும்பின.

நகரத்துக்கு வடக்கே, ஆறு கடலில் சேரும் முனையில், ஒரு கடற்கரையும் சில தெருக்களுமாக ஒடுங்கிக் கிடக்கும் ஊர் வைவெரா. அந்தப் பெயரையே அவர் மிட்டாய் மாதிரி வாயில் வைத்துச் சொல்வார். "மாவோரி மொழியிலை 'வை' எண்டால் தண்ணி, 'வெரா' எண்டால் சூடு. ஊருக்குப் பேரே சுடுதண்ணி. மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை." நிலத்துக்கு அடியிலிருந்து தாது கலந்த வெந்நீர் அங்கே தானாக ஏறி வந்தது. மாவோரிகள் மணலில் பள்ளம் தோண்டி அதில் படுத்துக் கிடந்தார்கள். அப்புறம் வெள்ளைக்காரர்கள் வந்து ஹோட்டல் கட்டினார்கள். நீளப் பாவாடை கட்டிய சீமாட்டிகள் மூட்டுவலியைத் தூக்கிக்கொண்டு நீராவிக் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஹோட்டல் தீப்பிடித்து எரிந்து போயிற்று. பிறகு குளங்கள், சறுக்குகள், ஐஸ்கிரீம், பிள்ளைகளின் கூச்சல். தண்ணீரைப் புட்டியில் அடைத்தும் விற்றார்கள். நாங்கள் போன நாட்களிலேயே புதிய நெடுஞ்சாலை மலையைக் குடைந்துகொண்டு ஊரை ஒதுக்கிவிட்டு நேராகப் போயிருந்தது. பழைய சாலையில் நாங்களும் கடற்பறவைகளும்தான். ஆவி எழும் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்து அவர் இந்தக் கதைகளைச் சொல்லும்போது, அந்தச் சீமாட்டிகளும் எங்களுக்குப் பக்கத்தில் தொப்பியோடு மிதப்பது போல எனக்குத் தோன்றும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை. அவர் குரல் மட்டும் விரியில் கேட்டது போலவே ஆவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

முதல் நாள் குளத்தில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுல என்னக்கா சூடு? வெதுவெதுப்புகூட இல்ல" என்றேன். "உருளைக்குப் பக்கத்திலை நிண்டு காய்ச்சுப் போன கைக்கு என்ன தெரியும்? கையை நம்பாதையும். காலை வையும்" என்றார். காலை வைத்தேன். உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை சுள்ளென்று ஏறியது. அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

அவர் ஏன் அங்கே போனார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தன் தாய் இறந்தபோது கிரியை செய்வதற்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்று கதை. அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை அங்கே செய்து, அந்தத் தண்ணீரில் தோய்ந்தால்தான் துக்கம் கழியும். அவருடைய அம்மா இறந்தது யுத்த காலத்தில். இவர் அகதியாக இங்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில். போக வழியில்லை. ஊரில் இருந்தவர்களாலும் கன்னியா வரை போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் காலை, யாரோ சொன்னதை வைத்து, பஸ் மாறி மாறி வைவெராவுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்ற பெண், சேலையோடு குளத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"அம்மான்ரை முப்பத்தொண்டுக்கு நான் நீச்சல் உடுப்புப் போட்டனான், பிள்ளை. வெறுங்காலும் வெறுங்கையுமாய். சறுக்கிலை சனம் கத்திக்கொண்டு விழுகுது. நான் நடுவிலை நிண்டு அழுறன். ஒருத்தருக்கும் தெரியேல்லை. தண்ணிக்குள்ளை அழுதால் அது ஒரு வசதி." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. "இராவணன் ஏழு குத்துக் குத்தினவன். எட்டாவது குத்து ஆழமாய்ப் போய், பூமிக்குள்ளாலை வந்து இஞ்சை வெளிக்கிட்டிருக்கு. நான் அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றார்.

பிறகு ஒரு நாள் குளங்கள் மூடப்பட்டன. கொஞ்சக் காலம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். காய்ந்த குளத்தில் புல் முளைத்திருந்தது. சறுக்குகள் நிறம் வெளுத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பெரிய பொம்மைகள் போல நின்றன. அப்புறம் எல்லாவற்றையும் இடித்து நிரவிவிட்டார்கள். மறுபடி கட்டுவார்கள் என்றார்கள். நான்தான் புலம்பினேன். அவர் வேலிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். கடல் உள்வாங்கியிருந்த நேரம். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது மாவோரி ஆக்களின்ரை தண்ணி. கேட்டுப்போட்டுத்தான் கால் வைக்கோணும்" என்று, பூனை நடப்பது போல அடி வைத்து நடக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"முந்தி இந்த மணலுக்குள்ளாலைதான் வந்தது. எல்லாரும் குழாய் போட்டு இழுத்தவுடனை அது கீழை போயிட்டுது. இப்ப இழுக்க ஆக்களில்லை. சனம் விட்டிட்டுப் போனால்தான் தண்ணிக்கு மூச்சு வரும்."

"போனது போனதுதாங்க்கா. வாங்க, காபி குடிப்போம்."

"தண்ணி சாகாது, பிள்ளை. கீழை போய் இருக்கும். அவ்வளவுதான்."

ஓய்வு பெற்ற பிறகும் அவர் இதற்காகப் போய்க்கொண்டே இருந்தார். போன ஆண்டு கோடையில் ஒரு தடவை, "வந்திட்டுது, கால் சொல்லிச்சுது" என்று போனில் கத்தினார். அடுத்த வாரம் நான் போய்ப் பார்த்தபோது, உங்களுக்குத் தெரிந்த பசிபிக் கடல் தண்ணீர்தான் இருந்தது, பல் கிட்டும் குளிரில். வெயிலில் மணல் சுட்டிருக்கும் என்றேன். அவர் அடுத்த ஞாயிறும் போனார். எனக்குப் பிடிவாதக்காரர்களைக் கண்டால் ஆகாது, நானே ஒருத்தி என்பதால்.

ஆஸ்பத்திரியில் நான் கடைசியாக அவரைப் பார்த்தபோது அவர் விரல்கள் படுக்கை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தன. சுருக்கம் எடுக்கும் பழக்கம். "ஆர் தோய்ச்சதோ, வடிவாய் இல்லை" என்றார். எங்கள் ஊர் அர்த்தத்தில் சொன்னார், என்னைச் சிரிக்க வைப்பதற்காக. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, என்ரை முப்பத்தொண்டுக்கு நீர் கஜனைக் கூட்டிக்கொண்டு போம்."

"வாய மூடுங்கக்கா."

"அவன் ஒரு நாளும் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவனுக்கு இது நம்பேலாத விசர்க் கதை. எண்டாலும் அண்டைக்கு அவன் அந்தத் தண்ணியிலை தோயோணும். நான் அம்மாவுக்கு அரைகுறையாய்ச் செய்தது அப்பத்தான் முடியும். ஓமெண்டு சொல்லும்."

"ஆமாக்கா, கூட்டிட்டுப் போறேன்."

"ஓம் எண்டு சொல்லும்."

"ஓம்" என்றேன். இல்லாத தண்ணீருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு லிப்ட்டில் இறங்கும்போது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

முப்பத்தோராம் நாள் காலையில் மண்டபத்தில் கிரியை முடிந்தது. வந்திருந்த நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்ட பிறகு நான் கஜனிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ஆங்கிலத்தில் நியாயமாகத்தான் பேசினான். வைவெராவில் இப்போது ஒன்றும் இல்லை, வெந்நீர்தான் வேண்டுமென்றால் பரகாய் என்ற ஊரில் குளம் திறந்திருக்கிறதே, அங்கே போகலாமே, எல்லாம் பூமியிலிருந்து வரும் தண்ணீர்தானே என்றான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் "அந்தத் தண்ணியிலை" என்று என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை. "ஒரு தடவை போய்ப் பார்ப்போம்ப்பா. இல்லைன்னா பரகாய்" என்றேன். மண்வெட்டியை அவன்தான் எடுத்து வண்டியில் போட்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்துப் பிற்பகல். ஆற்றின் மேல் புகை மாதிரி மூட்டம் கிடந்தது. எதிர்க் கரையும் கடலுக்குள் இருக்கும் சின்னத் தீவும் இருக்கின்றனவா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. கரையில் ஒரு நாய் கூட இல்லை. வேட்டிக்கு மேலே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கஜனின் பெரிய உருவம் மணலைத் தோண்டத் தொடங்கியது. முதல் பள்ளத்தில் ஊறிய தண்ணீரில் கையை விட்டேன், விறைத்துப் போயிற்று. தள்ளி இன்னொன்று. இன்னொன்று. கையை விடுவதும் எடுப்பதும்தான் என் வேலை. கடைசியில் அவன் மண்வெட்டியை ஊன்றி நின்று, பரவாயில்லை, நாம் முயற்சி செய்தோம், அம்மாவுக்கு அது போதும் என்றான். சொன்ன பிறகும் மண்வெட்டியை விடாமல் அதே பள்ளத்தை இன்னும் கொஞ்சம் தோண்டினான். அப்போதுதான் அவனுக்கும் இது வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

நான் திரும்பி நடந்தேன். ஷூவுக்குள் மணல் நிறைந்து உறுத்தியதால் அதையும் காலுறையையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்த மணலில் சில அடிகள். சட்டென்று அந்தக் குளிர் இல்லை. நின்றேன். நனைந்த மணல்தான், மற்ற இடத்தைப் போலவே சாம்பல் நிறம்தான். ஆனால் உள்ளங்காலுக்குக் கீழே யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், கைக்கு ஒன்றும் தெரியவில்லை. காலை வைத்தேன்.

"கஜன்!" என்று கத்தினேன். "இங்க! கையால பாக்காதே, செருப்பக் கழட்டு!"

அவன் ஓடி வந்து தோண்டினான். பள்ளத்தில் கலங்கலாகத் தண்ணீர் ஊறி வந்தது. அதிலிருந்து மெல்லிய ஆவி எழும்பி மூட்டத்தோடு கலந்தது. அப்படி ஒன்றும் பெருஞ்சூடு இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்து வைக்கும் பதம். குழந்தைத் தொட்டி அளவு பள்ளத்தில் அந்த ஆள் வேட்டியோடு மடங்கி உட்கார்ந்தான். கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் ஜாடியில் மொண்டு அவன் தலையில் ஊற்றினேன். தலை, தோள், முதுகு. அவன் முகத்தில் வழிந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. தண்ணீருக்குள் அழுதால் அது ஒரு வசதி.

பிறகு பள்ளத்தின் ஓரத்தைக் கையால் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் கேட்டான்:

"அன்ரி, நீர் தோய வாறீரே?"

வயதில் மூத்தவளை "நீர்" என்று சொல்லக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம் தமிழில் எப்படிப் பேசுவது என்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, அவன் அம்மா பேசியது. திருத்த வாயெடுத்தேன். முடியவில்லை.

புவனம் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். கையை நம்பாத கால் ஒன்று. இனி என்னைக் கூப்பிட யாருமில்லை என்று நான் நினைத்திருந்த சொல் ஒன்று. வெறுங்காலோடுதான் நின்றிருந்தேன். "ஓம்" என்று சொல்லி, சேலையோடு இறங்கினேன். தடுக்க வாசலில் யாரும் இல்லை.